பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர்: அலமாரிக்குள் சூடேறாமல் வைப்பது எப்படி?

ரமழான் வந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் ஆம்ப்ளிஃபயருக்கு ஓய்வே இருக்காது. ஐவேளை பாங்கு, இகாமத் போக தராவீஹ், பயான், கடைசிப் பத்தில் கியாமுல் லைல் என்று மணிக்கணக்கில் ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சப்தம் நின்றுபோகும். முன் ஸஃப்பில் நிற்பவருக்கு இதனால் பெரிய சிரமமில்லை. மாடியிலோ தனி அறையிலோ தொழும் பெண்களுக்குத்தான், இமாம் ருகூவில் இருக்கிறாரா, சஜ்தாவுக்குப் போய்விட்டாரா என்றே தெரியாமல் போய்விடும். கீழே ஒருவர் உரக்கத் தக்பீர் சொன்னாலும் அது பூட்டிய கதவையும் ஏ.சி. கண்ணாடியையும் தாண்டி அங்கே எட்டுவதில்லை.

நின்ற சப்தம் பத்து, பதினைந்து நிமிடத்தில் தானாகவே திரும்ப வந்தால் அது பெரும்பாலும் பழுதல்ல, சூடுதான். இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் வெப்பக் காப்பு இருக்கிறது. உள்சூடு அளவு மீறினால் ஒலியை நிறுத்தும். ஆறியதும் திரும்பத் தரும். இது தெரியாமல் மெக்கானிக்கிடம் தூக்கிச் செல்கிறோம். அங்கே மேசைமேல் வைத்தால் நன்றாக ஓடுகிறது. மேசைமேல் காற்று இருக்கிறது. நம் அலமாரிக்குள் இல்லை, அவ்வளவுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது? பல பள்ளிகளில் இருப்பது 'கிளாஸ் ஏபி' வகை. எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இது வெப்பமாக்கிவிடும். வால்யூமைக் குறைத்தால் சூடும் அதே அளவுக்குக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இவ்வகையில் உச்ச வெப்பம் முழு சப்தத்தில் வருவதில்லை. முழு பவரில் ஏறத்தாழ 40 சதவீதம் வெளியேறும்போதுதான் வருகிறது. புதிய 'கிளாஸ் டி' வகை 80 முதல் 90 சதவீதம் வரை திறனுள்ளது, எடையும் குறைவு. புதிதாக வாங்கும் ஜமாஅத்துகளுக்கு இதையே பரிந்துரைப்போம்.

மோதினார் சாவி வைத்திருக்கும் மர அலமாரிதான் முதல் எதிரி. பிள்ளைகள் கை வைக்காமலிருக்கப் பூட்டு தேவைதான். ஆனால் கதவின் அடிப்பகுதியிலும் பின்புறம் மேலேயும் காற்று வழி வெட்டாமல் பூட்டினால் அது அடுப்பு. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குறைந்தது நான்கு அங்குலம் விடுங்கள். மேல்மூடியில் தொப்பிக் கூடை, நோட்டீஸ் கட்டு, மடித்த முஸல்லா எதுவும் வேண்டாம். அந்தத் துளைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது.

வசதியுள்ள பள்ளிகள் 19 அங்குல இரும்பு ரேக் வாங்குகின்றன. இதில் உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். ஒரு யு என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மி.மீ. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனத்த ஆம்ப்ளிஃபயரைக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் ரேக் தலைகனத்துச் சாயும். முன்பக்க நான்கு ஸ்குரூவை மட்டும் நம்பித் தொங்கவிட்டால் காது வளைந்துவிடும். பின்னாலும் தாங்கு பட்டை கொடுக்க வேண்டும்.

ஃபேன் இல்லாத, ஹீட் சிங்க் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு மேலும் கீழும் ஒரு யு காலியாக விட்டு, அங்கே துளையிட்ட தகடு போடலாம். ஃபேன் உள்ளவற்றின் கதை வேறு. சில கம்பெனி ஆம்ப்ளிஃபயர் முன்னிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும், சிலது நேர்மாறு. முன்பக்கம் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வகையையும் ஒரே ரேக்கில் சேர்த்தால் ஒன்று துப்பும் சூட்டை மற்றொன்று குடிக்கும். ஃபேன் வகையில் முன்பக்க இடைவெளிகளை மூடும் தகட்டால் அடைத்துவிடுவதே நல்லது. திறந்திருந்தால் வெளியே போன சூடான காற்று அந்த வழியாகவே திரும்பி வரும்.

ரேக்கின் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பவர்கள் அதற்குச் சற்றுக் கீழேயே துளைத் தகடு போட்டுவிடுகிறார்கள். ஃபேன் பக்கத்தில் கிடைக்கும் காற்றையே இழுத்து வெளியே விடும். கீழிருக்கும் ஆம்ப்ளிஃபயர் அப்படியே வேகும். காற்று நுழையும் வழி அடியில்தான் இருக்க வேண்டும். எத்தனை ஃபேன் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: வெப்ப வாட்டை 1.76ஆல் பெருக்கி, அனுமதிக்கும் சூட்டு உயர்வால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று என்று வரும். 500 வாட் வெப்பம், 10 டிகிரி செல்சியஸ் உயர்வு என்றால் 88 கன அடி. ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் அளவு தடையில்லாத வெளிக்காற்றுக்கானது. ஃபில்டரும் குறுகலான வழியும் சேர்ந்தால் மிகவும் குறைந்துவிடும். ஆகவே இந்தக் கணக்குக்கு அதே அளவு ஃபேன் இரண்டு போடுவது பாதுகாப்பு.

ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டச் சொல்லுங்கள். கார்ப்பெட் விரித்த பள்ளிகளில் நூல் தூசி அதிகம். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து ஃபேன் பேரிங்கையும் பின்புற இணைப்புகளையும் அரித்துவிடும்.

சூட்டுக்கு அலமாரி மட்டும் காரணமல்ல. வருடத்துக்கு ஒரு ஹார்ன் கூடிக்கொண்டே போகும், ஆம்ப்ளிஃபயர் அதேதான். 100 வோல்ட் லைனில் எல்லா ஸ்பீக்கர்களின் டேப்பிங் வாட்டையும் கூட்டிப் பாருங்கள். 250 வாட் ஆம்ப்ளிஃபயரில் 200 வாட்டோடு நிறுத்துவது நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஹார்னை அந்த லைனில் நேராக இணைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடும்போது ஏறத்தாழ பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் வழக்கமான கணக்கு. ஜமாஅத்தார் சந்தா கொடுத்து வாங்கிய பொருள் இது.

ஷஃபான் மாதத்திலேயே ஒரு நாள், அலமாரியைப் பூட்டிய நிலையில் இரண்டு மணி நேரம் கிராஅத் ஓடவிட்டுச் சோதித்துவிடுங்கள். மேல்மூடியில் கை வைக்க முடியாத அளவு சூடிருந்தால் மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் தச்சரை அழையுங்கள்.