சர்ச்கேட் என்னும் பெயரின் கதை

சர்ச்கேட் என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அங்கே ஆலயம் எது, வாயில் எது என்று வினவுவோர் மிகச் சிலரே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெரால்டு ஆங்கியர் காலத்தில், 1676-ஆம் ஆண்டில், இவ்வாலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார், பணியும் நின்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுவர்கள் முற்றுப்பெறாமல் நின்றன. பின்னர் ரிச்சர்டு காப் என்னும் பாதிரியார் நன்கொடை திரட்டிப் பணியை நிறைவேற்றினார். 1718-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆலயம் திறக்கப்பெற்றது. நம் மயிலையோடு மரபு இணைத்துப் பேசும் புனித தோமையாரின் பெயரையே அது தாங்கியது.

1837-இல் பம்பாய்க்குத் தனிப் பிஷப் அமைந்தபோது அது பேராலயமாயிற்று. உயர்ந்த கோபுரமும் கடிகாரமும் அதன்பின் எழுந்தன. உள்ளே பளிங்குச் சின்னங்கள் பல உள. அவற்றுள் 1811-இல் காலமான கவர்னர் ஜானதன் டங்கனுடையது, சிசுக்கொலையை ஒழிக்க அவர் உழைத்தமையை நினைவூட்டுகிறது. இரயில்வே குமாஸ்தாவாகிய எமக்கு மற்றொரு செய்தியும் சுவையானது: பழைய பம்பாயின் மைல்கற்கள் இவ்வாலயத்திலிருந்தே தூரத்தைக் கணக்கிட்டன.

இவ்வாலயத்தை நோக்கிய கோட்டை வாயிலே சர்ச்கேட். 1860-களில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன, வாயிலும் மறைந்தது. பெயரை இரயில் நிலையம் காத்து வருகிறது.

நெருளில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தஞ்சைக் கோபுரத்தின் பெருமையைச் சொல்லுகிறோம், அது நன்றே. தாம் வாழும் ஊரின் கதையையும் அவர்கள் அறிதல் வேண்டும். அறியாதவரை அவர்கள் இவ்வூரில் விருந்தினரே. விடுமுறை நாளொன்றில் ஹார்பர் வண்டியேறி, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஆலயம் தோன்றும். அழைத்துச் சென்று காட்டுவோமாக.