வந்த குடிகளும் வாடகை வீடுகளும்

விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிக் காலத்தில் உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த நகரம் இலண்டன். அதன் வங்கிகளும் வாணிக மாளிகைகளும் நிறைந்த நடுப்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடப்பவன், விரைவில் வேறோர் உலகினுட் புகுவான். வைற்சப்பல், ஸ்பிற்றல்பீல்ட்ஸ், பெத்னல் கிறீன் என்னும் அப்பகுதிகளில், ஒரு குடும்பம் முழுவதும் ஓரறையிலேயே உண்டு, உறங்கி, தொழிலுஞ் செய்து வாழ்ந்தது. பல வீடுகளுக்கு ஒரே நீர்க்குழாய். பல குடும்பங்களுக்கு ஒரே மலகூடம். இத்துயருக்குக் காரணம் யாது என்னும் வினா எழுந்தபோதெல்லாம், கடைசியாக வந்து குடியேறியவரையே பலர் சுட்டிக் காட்டினர். அக்குற்றச்சாட்டு எவ்வளவு பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு நோக்குதல் தகும்.

அப்பகுதிக்கு அந்நியர் வருகை புதிதன்று. 1685இல் பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயி தம் நாட்டுப் புரொட்டஸ்தாந்தரின் வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, ஹியூகனொற்றுகள் எனப்பட்ட அம்மக்களுட் பலர் ஸ்பிற்றல்பீல்ட்சில் அடைக்கலம் புகுந்து பட்டு நெசவை வளர்த்தனர். 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஐரிஷ் மக்கள் பலரைத் துறைமுகக் கூலிகளாக்கியது. 1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின், அந்நாட்டு யூதர்மீது வன்செயல்கள் கட்டவிழ்த்து விடப்பட்டன. அன்று முதல் 1914 வரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர் பிரித்தானியாவிற் குடியேறினர். அவருட் பெரும்பாலோர் கிழக்கு இலண்டனிலேயே தங்கி, தையற் பட்டறைகளிலும் சப்பாத்துப் பட்டறைகளிலும் சொற்பக் கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர்.

ஆயினும் நெருக்கடி இவர்களோடு பிறந்ததன்று. 1828இல் திறக்கப்பட்ட சென்ற் கதறீன் துறைமுகத்துக்காகப் பல்லாயிரவரின் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் புகையிரதப் பாதைகளும் அகன்ற வீதிகளும் ஏழைகளின் குடியிருப்புக்களையே ஊடறுத்துச் சென்றன. வீடிழந்தோர் தொலைவிற் சென்று வாழவும் இயலவில்லை. துறைமுகத்தில் அன்றாடம் விடியற்காலையில் வாயிலில் நிற்போரிலிருந்தே கூலியாட்கள் பொறுக்கி எடுக்கப்பட்டனர். அருகில் வாழாதவனுக்கு வேலை இல்லை; வேலை இல்லாத நாளில் உணவும் இல்லை. ஆதலின் எஞ்சிய வீடுகளில் மக்கள் செறிந்தனர், வாடகையும் ஏறிற்று. 1884இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு ஆணைக்குழு ஆராய்ந்த வறிய பகுதிகளில், ஏறக்குறைய அரைவாசிப் பேர் தம் வருவாயில் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை வாடகையாகவே செலுத்தினர்.

வறியோர் குடித்தே கெடுகின்றனர் என்பது அக்காலத்தாரின் பொதுக் கருத்து. கப்பல் வணிகரான சாள்ஸ் பூத் என்பார் 1886இல் தெருத் தெருவாக ஆராயத் தொடங்கி, இலண்டன் மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மர் வறுமையில் வாழ்வதைக் கண்டார். அவ்வறுமைக்குத் தலையாய காரணம் குடியன்று. நிலையற்ற வேலையும் குறைந்த கூலியுமே என்பதையும் அவர் காட்டினார்.

இதனைத் தெளிவாக உணர்த்துவது பெத்னல் கிறீன் எல்லையில் இருந்த ஓல்ட் நிக்கல் என்னுஞ் சேரி. அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 5,700 பேர். அவருட் பெரும்பாலோர் அந்நியரல்லர். ஆங்கில மண்ணிலேயே பிறந்த ஏழைகள். சுகாதார விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டிய உள்ளூர்ச் சபையின் அங்கத்தவர் சிலரே அங்கு வீட்டுச் சொந்தக்காரராயும் இருந்தனர். வேலியே பயிரை மேய்ந்தது. 1889இல் தோன்றிய இலண்டன் மாநிலச் சபை அச்சேரியை இடித்து, அழகிய செங்கற் குடியிருப்பை அமைத்தது. 1900இல் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். புதிய வீடுகளின் வாடகையோ பழங்குடிகளுக்கு எட்டவில்லை. தேர்ச்சிபெற்ற தொழிலாளரும் எழுதுவினைஞரும் அங்குக் குடிபுகுந்தனர். சேரி மக்களுள் மீண்டு வந்தோர் மிகச் சிலரே. ஏனையோர் அயற்றெருக்களில் நெருக்கத்தை மேலும் பெருக்கினர்.

குடியேற்றத்துக்கு எதிரான கிளர்ச்சி 1901இல் வலுப்பெற்றது. புதியோர் செறிந்த தெருக்களில் வாடகை உயர்ந்தது மெய்யே. ஆனால் அவ்வுயர்வின் பயனைப் பெற்றவர் வீட்டுச் சொந்தக்காரர். திறப்புப் பணமும் கொடுத்து அதனைச் சுமந்தவர் குடியிருப்போர். 1905இல் பாராளுமன்றம் அந்நியர் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் அகதிகளின் வழியைக் குறுக்கிற்றேயன்றி, ஏழைக்கு ஓரறையேனும் கட்டிக் கொடுக்கவில்லை.

ஸ்பிற்றல்பீல்ட்சில், பிறிக் லேன் தெருவோரத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. 1743இல் ஹியூகனொற்றுகள் அதனைத் தேவாலயமாகக் கட்டினர். 1819இல் அது மெதடிஸ்த ஆலயமாயிற்று. 1898இல் யூதரின் தொழுகைக்கூடமாயிற்று. 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. அதன் வாயிலிற் புகுந்தோருட் பலர் அவ்வூருக்குப் புதியவர். அப்புதியவர்மீது பழி சுமத்தப்பட்டது. வந்தோர் மாறினர், வழிபாடும் மாறிற்று. ஏழையின் கூலிக்கும் அவன் செலுத்தும் வாடகைக்கும் உள்ள இடைவெளியை ஆராய்வதைவிட, அயல்வீட்டானைப் பழிப்பது எளிது. அவ்வெளிய வழியை நாடுவோர்க்குக் கிழக்கு இலண்டனின் வரலாறு ஒரு பாடமாக நிலைத்திருக்கின்றது.