பதிவேட்டில் இடம்பெறாத மறுப்பு: பள்ளித் தடுப்பூசியும் விலக்கின் சட்டநிலையும், நெய்வேலியை முன்வைத்து

தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றைக் காட்டினால்தான் பள்ளியில் சேர்க்கை என்று விதிக்கும் பொதுச் சட்டம் தமிழ்நாட்டில் இன்று நடைமுறையில் இல்லை. ஆதலால் அந்தக் கட்டாயத்திலிருந்து ஒரு மாணவருக்கு யார், எந்தக் காரணத்தால், எவ்வளவு காலத்துக்கு விலக்களிக்கலாம் என்று கூறும் சட்டமும் இல்லை. இந்த இன்மையைப் பெற்றோரின் உரிமைக்குக் கிடைத்த இடம் என்று கொள்வோர் உண்டு. கட்டாயம் எழுதப்படாத இடத்தில் மறுப்பும் எழுதப்படுவதில்லை என்பதையும், எழுதப்படாத மறுப்பு, முகாம் நடக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வது என்ற ஒற்றை வடிவத்தையே எடுக்கிறது என்பதையும் அவர்கள் கருதுவதில்லை. வருகைப் பதிவேட்டில் அது காய்ச்சலுக்கு எடுத்த விடுப்பைப் போலவே பதிவாகிறது. இதனால் பெற்றோரின் உரிமை, பொதுச் சுகாதாரம் ஆகிய இரண்டுமே நலிவடைகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு நெய்வேலி நகரியம் பொருத்தமான களம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம், சுரங்கத்தோடும் அனல்மின் நிலையத்தோடும் சேர்த்து, எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு நகரத்தையும் கட்டியெழுப்பியது. சாலை, குடிநீர், குடியிருப்பு ஆகியவற்றை நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனிக்கிறது. பொது மருத்துவமனையும் பள்ளிகள் பலவும் நிறுவனத்தைச் சார்ந்தவை. உள்ளாட்சி, பள்ளி நிர்வாகம், பெற்றோருக்குச் சம்பளம் தருபவர் என்று சட்டம் தனித்தனியாகக் கருதும் மூவரும் இங்கே பெருமளவுக்கு ஒருவராகவே அமைந்துவிடுகின்றனர். இந்த அமைப்பைக் கொண்டு எவரும் எவரையும் வற்புறுத்தியதாக இங்கே கூறப்படவில்லை. பள்ளியில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் சொல் எத்தனை கதவுகள் தாண்டி எங்கே கேட்கும் என்ற தயக்கம் அத்தகைய நகரத்தில் இயல்பாகவே எழும் என்பது மட்டுமே கருத்து. இதன் மறுபக்கமாக, நகரியத்தைச் சூழ்ந்த மந்தாரக்குப்பம், வடக்குத்து போன்ற ஊர்களில் பிறந்து வளரும் குழந்தையின் தடுப்பூசி விவரம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்க, நிறுவன மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விவரம் வேறொரு அட்டையில் இருக்கக்கூடும். இருவரும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமரும்போது ஆசிரியரிடம் இருப்பது இருவரின் பெயர் மட்டுமே.

சட்டம் எப்போதும் இப்படி மௌனமாக இருந்ததில்லை. 1880ஆம் ஆண்டின் இந்தியத் தடுப்பூசிச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டமும், ஊர்வழக்கில் அம்மை குத்துதல் எனப்பட்ட பெரியம்மைத் தடுப்பை நகராட்சி எல்லைகளில் கட்டாயமாக்க வழிசெய்தன. 1880ஆம் ஆண்டுச் சட்டம் இருவகை விலக்குச் சான்றுகளை வகுத்தது: உடல்நிலை தகுதியாக இல்லாத குழந்தைக்கு ஊசியைத் தள்ளிவைக்கும் தற்காலிகச் சான்று ஒன்று, குத்தியும் அம்மைப்பால் பிடிக்காத குழந்தைக்குத் தரப்படும் சான்று மற்றொன்று. அதாவது, மருத்துவக் காரணத்துக்கு விலக்கு இருந்தது, மனச்சான்றுக்கு இல்லை. இங்கிலாந்து 1898இல் மனச்சான்றின் பேரில் மறுக்கும் பெற்றோருக்குச் சட்டப்படி விலக்களித்தபோதும், அப்பேரரசின் குடிமக்களாகிய இந்தியப் பெற்றோருக்கு அத்தகைய ஏற்பாடு வரவில்லை. பின்னர் வந்த 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், அறிவிக்கப்பட்ட நோய் பரவும்போது தடுப்பு ஊசி உள்ளிட்ட சிறப்பு அதிகாரங்களை அரசு தன் அலுவலர்களுக்கு வழங்க இடமளித்தது. அது இன்றும் தமிழ்நாட்டில் உயிருடன் இருக்கிறது. எனினும் அது நோய் பரவும் காலத்துக்கான கருவியே அன்றி, ஜூன் மாதச் சேர்க்கைக்கான விதியன்று.

அச்சட்டம் சி. இராசகோபாலாச்சாரியின் அமைச்சரவைக் காலத்தில் பிறந்தது என்பதை நினைவில் கொண்டால், 1955இல் அவர் எடுத்த நிலைப்பாடு வியப்பூட்டும். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் கூட்டங்கூட்டமாகப் போடும் இயக்கத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்து, தம் எதிர்ப்புக்கான காரணங்களைத் தனி நூலாகவே வெளியிட்டார். அதன் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்பதும், நலமாயிருக்கும் பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது தகுமா என்பதும் அவர் எழுப்பிய கேள்விகளுள் அடங்கும். முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் இந்த எதிர்ப்பைப் பிற்காலத்தார் பிடிவாதம் என்று ஒதுக்கினர். ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்திய பெரும் ஆய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவுக்கே வந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கடிய வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதும் நிலைநிறுத்தப்பட்டதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்கிறது. ஆக, இராசாசி கேட்டதில் பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதியைப் பிரித்தறிய ஆய்வுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது வேறொன்று: பி.சி.ஜி. சட்டப்படி கட்டாயமாக்கப்படவில்லை. பிள்ளைகள் வரிசையில் எளிதாகக் கிடைக்கும் இடமாகப் பள்ளி இருந்ததே சட்டத்தின் வேலையைச் செய்தது.

2017இலும் அதே வரிசைதான். அவ்வாண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தட்டம்மை-ருபெல்லா இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும், முன்பு ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தவணை போட வேண்டும் என்பது திட்டம். தமிழ்நாட்டின் இலக்கு மட்டும் சுமார் 1.76 கோடி. தனியார் மருத்துவரிடம் ஏற்கெனவே போட்டாயிற்றே, மறுபடி எதற்கு என்ற நியாயமான கேள்விக்கு விடை போய்ச் சேருமுன் வாட்ஸ்அப் வதந்திகள் போய்ச் சேர்ந்தன. பல ஊர்களில் முகாம் நாளன்று வகுப்புகள் மெலிந்தன. இயக்கத்தின் கால அளவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

பெற்றோரின் இசைவுக்குக் காத்திராமல் பள்ளிகள் விரைந்ததற்கு அதிகார மனப்பான்மை மட்டுமே காரணம் என்று கொள்வது பொருந்தாது. அவ்வூசிமருந்து பத்துத் தவணை கொண்ட குப்பியில் தூளாக வருகிறது. கரைப்பானைக் கலந்து குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மூன்று பிள்ளைகளுக்காக ஒரு குப்பியைத் திறந்தால் ஏழு தவணை வீண். ஆகவே பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் வகுப்பறை வாசலை விடச் சிறந்த இடம் செவிலியருக்கு இல்லை. ஊசி போட்டதும் இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் மையிட்டு, அரை மணி நேரம் அமரவைத்து, அடுத்த வகுப்பை அழைக்கும் அந்த ஒழுங்கில், வீட்டிலிருந்து சீட்டு வராத பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. இசைவு என்பது நீதிக் கோட்பாடாக நூல்களில் விரிகிறது. பள்ளியிலோ அது ஒரு குப்பியின் நான்கு மணி நேரத்தோடு போட்டியிட்டுத் தோற்கிறது.

இக்கேள்வி நீதிமன்றத்துக்கு இருமுறை வந்து விடை கண்டது. தில்லிப் பள்ளிகளில் இதே ஊசியைப் பெற்றோர் இசைவின்றிப் போடலாம் என்றிருந்த ஏற்பாட்டை, 2019 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பெற்றோருக்கு முன்னரே விவரம் தெரிவிக்கப்பட வேண்டும் என்றது. கோவிட் காலத்தில், பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற தன் ஆணையைத் தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டியே உச்ச நீதிமன்றத்தில் நியாயப்படுத்தியது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று வந்த தீர்ப்பு, உடலின் மீதான உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும், எவரையும் ஊசிக்கு வற்புறுத்த இயலாது என்றது. அதே மூச்சில், சட்ட அடிப்படை, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகிய மூன்றும் இருந்தால் பொதுச் சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் கூறியது. முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இரண்டாம் வரியை மறந்துவிடுகின்றனர். அவ்வரியின்படி பார்த்தால், பள்ளி முகாமின் எழுதாக் கட்டாயம் மூன்று சோதனைகளுள் முதலாவதிலேயே தடுக்கி விழும்; ஏனெனில் அதற்கென ஒரு சட்ட அடிப்படை இல்லை.

அமெரிக்க மாநிலங்களின் வழியைப் பின்பற்றி, ஊசியில்லையேல் பள்ளியில்லை என்று விதித்துவிடலாம் என்பது ஒரு யோசனை. அங்கே 1922இலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய விதியைச் செல்லத்தக்கதாக ஏற்றது. விலக்குகளைப் பற்றித்தான் இன்றுவரை சச்சரவு. இந்தியாவில் அது பொருந்தாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூட 6 முதல் 14 வயதுக் குழந்தைக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது; தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்றவும் தடை விதிக்கிறது. பிறப்புச் சான்றுக்கே கதவை மூடாத சட்டம் ஊசி அட்டைக்காக மூட இடந்தராது. தவிர, அட்டை தொலைந்துபோகும் வாய்ப்பு மிகுந்தது வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களில்தான். அவர்களின் பிள்ளைகளே பள்ளியை இழப்பர்.

எனவே வழி, சேர்க்கையை மறுக்காமல் விவரத்தைக் கேட்பதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி மாற்றுச் சான்றிதழில், மாணவர் மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா, முதல் முறையா மீண்டுமா என்று கேட்கும் ஓர் இனம் பழங்காலம் தொட்டு இருந்து வருகிறது. பெரும்பாலும் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லோடு அது நிரப்பப்பட்டுவிடும். அவ்விடத்தில் தடுப்பூசி நிலையையும் கேட்டு, முழுமை, குறை, மருத்துவ விலக்கு, பெற்றோர் மறுப்பு என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கச் செய்யலாம். மருத்துவ விலக்கு என்பது நோயெதிர்ப்பு ஆற்றல் கடுமையாகக் குன்றிய, அல்லது முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு உரியது. சளிக்கோ மெலிந்த உடலுக்கோ அது உரியதன்று. இன்றைய நிலையில், புற்றுநோய் மருந்து எடுத்துவரும் ஒரு சிறுமியும், வதந்திக்கு அஞ்சி வீட்டில் நிறுத்தப்பட்ட அவளது வகுப்புத் தோழனும் முகாம் நாளில் ஒரே ‘வரவில்லை’ ஆகின்றனர். அவளைக் காப்பது அவளைச் சுற்றியிருப்போரின் ஊசிதான் என்பதும், தட்டம்மைக்கு அந்தச் சூழ்காப்பு 95 விழுக்காட்டளவில் தேவை என்பதும் கருதத்தக்கவை. அவ்வகுப்பில் ஊசி போடாதோர் எத்தனை பேர் என்று சொல்லும் ஏடு எங்கும் இல்லை.

மறுப்புக்குப் படிவம் கொடுத்தால் மறுப்போர் பெருகுவர் என்ற எதிர்வாதம் வலுவானதே. எளிதாக விலக்குத் தரும் அமெரிக்க மாநிலங்களில் விலக்குப் பெறுவோர் மிகுதி. ஆனால் வாஷிங்டன் மாநிலம் 2011இல், மருத்துவப் பணியாளர் ஒருவரோடு பேசி அவர் கையெழுத்தைப் பெற்ற பின்பே விலக்கு என்று மாற்றியதும் விலக்குகள் குறைந்தன. தயங்கும் பெற்றோர் பலருக்குத் தேவைப்பட்டது அந்தப் பேச்சுதான் என்று கொள்ள இது இடமளிக்கிறது. வீட்டில் நிறுத்திக்கொள்ளும் இன்றைய முறையில் அப்பேச்சு நிகழவே நிகழாது.

நெய்வேலி போன்ற நகரத்துக்கு இதோடு இன்னொரு விதியும் வேண்டும். கையெழுத்திட்ட மறுப்புப் படிவம் பள்ளி அலுவலகத்தில் தங்கலாகாது. முதலாளியாகவும் இருக்கும் நிர்வாகத்தின் கோப்புக்கு அது போகவும் கூடாது. உறையிலிட்டு அது அரசின் வட்டார மருத்துவ அலுவலருக்குச் செல்ல வேண்டும். பள்ளிக்குத் தெரிய வேண்டியது வகுப்புவாரியான எண்ணிக்கை மட்டுமே. வட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால், எந்த வீட்டுக் கதவை அன்றைக்கே தட்ட வேண்டும் என்பதை அந்த அலுவலர் தம்மிடமுள்ள உறைகளிலிருந்து அறிந்துகொள்வார்.