கல்வராயன் மலைத் தமிழும் குவாரனி மொழியும்: குடிக்கும் மொழிக்கும் உள்ள உறவு பற்றி ஒரு விசாரணை

ஸ்பானியர் ஆண்ட அமெரிக்க தேசங்களில், அவர்கள் கொணர்ந்த ஸ்பானியமும் அதற்கு முன்பிருந்த ஆதிகுடிகளின் பாஷைகளும் இன்று எங்கெங்கே வழங்குகின்றன என்று படம் வரையப் புகுவோர், மொழியின் எல்லையே குடியின் எல்லை என்று ஆராயாமலே கொண்டுவிடுகின்றனர். இவ்வனுமானத்தின் பலவீனத்துக்குப் பராகுவே தேசம் ஒரு சாட்சி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி ஆறு இறங்கிவரும் கல்வராயன் மலை மற்றொரு சாட்சி. ஆயின் இரண்டும் நேர் எதிரான திசைகளிலிருந்து வந்து சாட்சி சொல்கின்றன.

பராகுவேயில் ஆதிகுடியினர் என்று கணக்கில் வருவோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. ஆயினும் ஆதிகுடிகளின் மொழியாகிய குவாரனியை அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் பேசுகின்றனர். 1992-ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் அதனை ஸ்பானியத்தோடு ஒப்ப ஆட்சிமொழியாக்கிற்று. ஸ்பானியத் தந்தையருக்கும் குவாரனித் தாயருக்கும் பிறந்த சந்ததி தாயின் மொழியை விடாமல் பற்றியதும், ஏசுசபைப் பாதிரிமார் அம்மொழியிலேயே போதித்து, 1639-இல் மோந்தோயா பாதிரியாரின் அகராதி அச்சேறும் அளவுக்கு அதனை எழுத்தில் நிறுத்தியதும் இதற்குக் காரணங்கள். குடி சுருங்கிற்று, மொழி பரந்தது.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தாரை நினைப்பவர் இன்றும் உளர். மலையில் வாழ்பவர் என்பதற்கு மேல் இதில் பொருளில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து காரிராமன் என்னும் தெய்வத்தோடு தம் முன்னோர் வந்தனர் என்றும், அவருள் மூன்று சகோதரர் மலைகளைப் பகிர்ந்துகொண்டனர் என்றும் வழங்கும் ஐதிகம், எந்த அண்ணனுக்கு எந்த மலை என்பதில் மலைக்கு மலை வேறுபடுகிறது. லெபானு 1883-இல் வெளியிட்ட சேலம் ஜில்லா கையேட்டிலும் காஞ்சிபுரக் கதை பதிவாகியுள்ளது. இதனைச் சரித்திரம் என்று கொள்ள நான் துணியேன். சமவெளித் தமிழுக்குத் தாம் அன்னியரல்லர் என்ற உரிமைக் கோரிக்கையாகவே கொள்கிறேன்.

அரசாங்கமோ இவர்களைத் தென்னார்க்காடு முதலிய சில ஜில்லாக்களின் பெயர்சொல்லிப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. 1965-இல் பழங்குடியை அடையாளம் காண லோகூர் குழு வகுத்த ஐந்து லட்சணங்களில் தனிமொழி என்பது இடம்பெறவேயில்லை என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பழங்குடியாவதற்கு வேறு மொழி வேண்டுவதில்லை என்று சட்டம் ஒப்புகிறது. சட்டம் ஒப்பியதை மொழி ஆராய்ச்சி இன்னும் ஒப்பவில்லை.

இதன் விளைவு அற்பமானதன்று. 1903 முதல் 1928 வரை வெளிவந்த கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தைத் தன் களத்தில் சேர்க்கவில்லை. பதினாயிரம் பேருக்குக் குறைந்தோர் பேசும் மொழிகளின் பெயரை 1971 முதல் குடிக்கணக்கு வெளியிடுவதில்லை. ஆனால் 2011-இல் தமிழ்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டிருந்த மலையாளிகளுக்கு அவ்வாறு விலக்கப்படும் பாக்கியங்கூட இல்லை, அவர்கள் பேச்சு தமிழ் என்னும் ஒரே பத்தியில் கரைந்துவிடுவதால். சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கிடைக்க வகைசெய்யும் இந்திய அரசியல் சாசனத்தின் 350-அ பிரிவும், தமிழ்க் குழந்தை என்று பதிவான மலைக் குழந்தைக்குப் பயன்படுவதில்லை.

தமிழ்தானே, தனியாக நோக்க என்ன இருக்கிறது என்று ஆட்சேபிக்கலாம். ஏர் பூட்டி உழும் நிலத்தை உழவுக்காடு என்றும், ஏர் ஏறாத சரிவில் கொத்திக் கிளறி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் மலை வேளாண்மை பிரிக்கிறது. இரண்டும் நமக்கு விளங்கும் சொற்களே. ஆனால் நன்செய், புன்செய் என்று நீரை வைத்து நிலத்தைப் பிரித்துப் பழகிய சமவெளியானுக்கு, கருவியையும் சரிவையும் வைத்துப் பிரிக்கும் அந்தப் பாகுபாடு தோன்றாது. சொல் பொதுவாயிருந்தும் சொல்லின் பின்னுள்ள பார்வை வேறாயிருப்பதைக் காண, மொழியா கிளைமொழியா என்ற பழைய தர்க்கம் உதவாது.

சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி ஏறியிருக்கிறது. அக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்கா. குவாரனியில் அதற்கு மண்டியோ என்று பெயர். அப்பெயர் கல்வராயனுக்கு வந்து சேரவில்லை. காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்து உண்டு பழகிய தமிழ், தன் வள்ளியோடு மரத்தைக் கூட்டி வந்த பயிருக்குப் பெயரிட்டுக்கொண்டது. ஜவ்வரிசி ஆலைக்கு மூட்டையாய் இறங்கும் மரவள்ளிக்குச் சாமையின் விதைப்புச் சொற்களும் களத்துச் சொற்களும் வேண்டுவதில்லை. அவற்றைக் குறித்துக்கொள்ள விரும்புவோர், சாமை இன்னும் அறுபடும் கொத்துக்காடு ஏதேனும் உண்டா என்று கல்வராயனில் வெள்ளிமலைப் பக்கம் விசாரித்துக்கொண்டுதான் போகவேண்டும்.