ஐ.டி. வேலைக்கு சர்டிஃபிகேட் மட்டும் போதுமா? படிப்பு, செய்முறை, வேலை தேடல்... எதை எப்போது செய்வது?

டிகிரி முடித்தாச்சு. நான்கைந்து ஆன்லைன் சர்டிஃபிகேட்டும் கையில் இருக்கிறது. ஆனாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற்றம். ஐ.டி. துறையில் முதல் வேலை தேடும் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். "இன்னொரு கோர்ஸ் சேரலாமா, இல்ல கிடைச்ச வேலைக்குப் போயிடலாமா?" என்ற குழப்பத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. கோச்சிங் கட்டணத்தில் வீட்டுப் பணமும் கரைகிறது.

படித்து முடித்த பிறகு செய்து பார்ப்பது, அதற்குப் பிறகு வேலை தேடுவது என்று வரிசையாகப் போவதால்தான் இந்தச் சிக்கல். மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுசெல்வது எப்படி? சர்வர், நெட்வொர்க், கிளவுட் சார்ந்த வேலைகளை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எதைத் தொடங்குவது?

கோர்ஸ் தேடுவதற்கு முன் வேலை அறிவிப்புகளைத் தேடுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் 0 முதல் 2 ஆண்டு அனுபவம் கேட்கும் 20 அறிவிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் டெஸ்க், சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் சப்போர்ட், கிளவுட் சப்போர்ட் என்று பதவியின் பெயர் மாறலாம். ஆனால் கேட்கப்படும் திறன்களை ஒரு தாளில் எழுதினால், லினக்ஸ், நெட்வொர்க்கிங் அடிப்படை, ஆக்டிவ் டைரக்டரி, ஏதாவது ஒரு கிளவுட் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அவற்றில் அதிகம் வரும் இரண்டை மட்டும் முதல் மூன்று மாதங்களுக்கு எடுத்துக்கொண்டால் போதும். பத்து கோர்ஸில் பாதிப் பாதி படிப்பதைவிட இது பலன் தரும்.

செலவில்லாமல் எங்கே படிப்பது?

* என்.பி.டி.இ.எல்.: ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-ல் தொடங்கியது. வீடியோ பாடங்கள் முழுவதும் இலவசம். சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.
* நான் முதல்வன்: தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய திட்டம். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், தங்கள் கல்லூரியில் என்னென்ன பயிற்சிகள் இருக்கின்றன என்று விசாரித்துச் சேரலாம்.
* கணியம்: ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குபவர்களுக்கு நல்ல தொடக்கம். லினக்ஸ், பைத்தான் போன்றவை குறித்த தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம் கட்டி எழுதும் சர்டிஃபிகேட் தேவையா?

ரெஸ்யூமேயை வடிகட்டும் முதல் கட்டத்தில் சர்டிஃபிகேட் உதவலாம். ஆனால் செலவைக் கணக்குப் போட வேண்டும். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியையும் சேர்த்தால் 25,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்கு 100 டாலர். இரண்டுமே 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வேலை தேடத் தயாராகும் முன்பே எழுதிவிட்டால் அந்தக் காலம் வீணாகக் கழியும்.

ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வு வேறு மாதிரி. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே இதில் கிடையாது. கம்ப்யூட்டரில் கொடுத்த வேலையைச் செய்துகாட்ட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

அறிவிப்புகளில் ஒரு சர்டிஃபிகேட்டின் பெயர் அடிக்கடி வந்தால், அந்த ஒன்றை மட்டும் எழுதலாம். கடன் வாங்கி மூன்று, நான்கு எழுத வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்து பார்ப்பது எப்படி?

புது லேப்டாப் வாங்க வேண்டாம். இருக்கும் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதற்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடலாம். 8 ஜி.பி. ரேம் இருந்தால் வசதி. 4 ஜி.பி. மட்டும்தான் என்றால், திரையில் ஐகான்கள் இல்லாத சர்வர் வகை உபுண்டு அல்லது டெபியனை நிறுவலாம். தொடங்கும் முன் சொந்த ஃபைல்களை வேறு இடத்தில் பேக்கப் எடுத்து வைப்பது அவசியம்.

1. லினக்ஸை நிறுவி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எஸ்.எச். மூலம் அதற்குள் நுழையுங்கள்.
2. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவி, உங்கள் பெயர் போட்ட ஒரு பக்கத்தை பிரவுசரில் வரவையுங்கள்.
3. இப்போது அதை வேண்டுமென்றே கெடுங்கள். சர்வீஸை நிறுத்துங்கள். ஃபயர்வாலில் 80-ம் எண் போர்ட்டை மூடுங்கள். பெரிய ஃபைல்களைப் போட்டு டிஸ்கை நிரப்புங்கள்.
4. ஒவ்வொரு முறையும் என்ன எரர் வருகிறது, லாக் ஃபைலில் என்ன பதிவாகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பயப்படத் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், எவ்வளவு கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். லினக்ஸே 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காகச் செய்து பார்த்ததில் பிறந்ததுதான்.

ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும், என்ன செய்தேன், எது கெட்டது, எப்படிச் சரிசெய்தேன் என்று பத்து வரி எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். பாஸ்வேர்டு எதுவும் அதில் போய்விடாமல் கவனிக்க வேண்டும். யூடியூப் பார்த்தோ ஏ.ஐ.யிடம் கேட்டோ செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்களால் விளக்க முடிய வேண்டும்.

இன்டர்வியூவில் இது எப்படிக் கைகொடுக்கும்?

"ஒரு வெப்சைட் ஓப்பன் ஆகலை. என்ன பண்ணுவீங்க?" சப்போர்ட் வேலைகளுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் வரும். மனப்பாடம் செய்தவர் "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவேன்" என்று நிறுத்திவிடுவார். வீட்டில் கெடுத்துப் பார்த்தவருக்கு ஒரு வரிசை கைவந்திருக்கும்.

* எல்லோருக்கும் திறக்கவில்லையா, ஒருவருக்கு மட்டுமா?
* வெப்சைட் பெயருக்குச் சரியான ஐ.பி. முகவரி கிடைக்கிறதா?
* சர்வரைத் தொடர்புகொள்ள முடிகிறதா? 80, 443 போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா?
* வெப் சர்வர் ஓடுகிறதா? டிஸ்க் நிரம்பிவிட்டதா?
* லாக் ஃபைலில் கடைசியாகப் பதிவானது என்ன?

இந்த வரிசையைச் சொல்லி, "ஒருமுறை டிஸ்க் நிறைஞ்சு இதே பிரச்சனை எனக்கு வந்துச்சு" என்று சொந்த அனுபவத்தையும் சேர்க்கும்போது, அனுபவம் இல்லாத பிரெஷர் என்ற பேச்சுக்கே இடம் குறைகிறது.

விண்ணப்பிப்பதை எப்போது தொடங்கலாம்?

"முழுசா கத்துக்கிட்டு அப்புறம் அப்ளை பண்ணலாம்" என்று காத்திருக்க வேண்டாம். அறிவிப்பில் கேட்டதில் பாதி தெரிந்தாலே விண்ணப்பிக்கலாம். வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாற்றிய ரெஸ்யூமே என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் பதில் தெரியாத கேள்விகளை அன்றே குறித்து வையுங்கள். அடுத்த வாரம் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் மத்திய அரசின் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம் இன்னொரு வழி. உதவித்தொகையுடன் நிறுவனங்களில் பயிற்சி கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது.

வேலை கிடைத்த பிறகு?

முதல் வேலை இரவு ஷிஃப்டில் டிக்கெட் மூடுவதாக இருக்கலாம். அதிலும் கற்க முடியும். திரும்பத் திரும்ப வரும் மூன்று புகார்களை எடுத்து, அதன் காரணத்தைத் தேடிப் பாருங்கள். ஆனால் சோதனைகளைச் சொந்த கம்ப்யூட்டரில் மட்டும் செய்ய வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் அனுமதியின்றி மென்பொருள் நிறுவுவதும், நிறுவனத்தின் கோடை கிட்ஹப்பில் போடுவதும் வேலைக்கே உலை வைத்துவிடும். கையெழுத்துப் போடும் முன் பாண்ட், நோட்டீஸ் பீரியட் பற்றிய விதிகளையும் படித்துவிடுங்கள்.

இதில் மட்டும் ஏமாறாதீர்கள்

வேலை தருவதற்கு முன் டெபாசிட், லேப்டாப் கட்டணம், பேக்டோர் எண்ட்ரி என்று பணம் கேட்டால் விலகிவிடுங்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கினால், பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கி வேலை பறிபோகும்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துச் சென்று மியான்மரில் சைபர் மோசடி செய்ய வைக்கும் கும்பல்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே என்றாலும் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

ஆன்லைன் வேலை மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.