தேடற் சுருளும் தென்மராட்சி மண்ணும்

1881 ஆம் ஆண்டில், அமெரிக்கச் சனாதிபதி காபீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேடுதற்குக் கிரகாம் பெல் இரு கம்பிச் சுருள்களைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். அம்முயற்சி பலிக்கவில்லை, எனினும் அத்தத்துவம் நிலைத்தது. போலந்து நாட்டவராகிய கொசாக்கியின் கருவி 1942 இல் எல் அலமெயின் போர்க்களத்திற் கண்ணிவெடிகளைக் கண்டறிய உதவிற்று.

சுருளின் அமைப்புக்கேற்பப் பயனும் வேறுபடும். சிறு சுருள் நுண்ணிய உலோகத்தையுங் காட்டும், ஆழஞ் செல்லாது. பெருஞ் சுருள் ஆழத்திற் கிடக்கும் பெரும் பொருளைக் காட்டும், நுண்ணியதைத் தவறவிடும். ஒருமையச் சுருள் இடத்தைச் செவ்வையாய்க் குறிக்கும். தாதுமிக்க மண்ணில் மயங்கும். ஆங்கில 'டீ' எழுத்து வடிவான இரு சுருள்களைப் பொருத்திய இரட்டைச் சுருள் அம்மயக்கத்தைக் குறைக்கும்.

இவ்வேறுபாட்டின் அருமையைத் தென்மராட்சி துன்பத்தின் வாயிலாக அறிந்தது. 2000 ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரி சிதைந்தது. எழுதுமட்டுவாள், கிளாலிப் பகுதிகளில் மிதிவெடிகள் புதையுண்டன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் குடாநாட்டில் வெடியகற்றும் பணி பெருகிற்று. பிளாத்திக்கு மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதாதலின், நுண்ணுணர்வுள்ள சுருளே வேண்டப்பட்டது. அதுவோ ஆணிக்கும் வெற்றுத் தோட்டாவுக்கும் ஒலிக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒருவர் முழந்தாளிட்டு மண்ணை மெல்ல அகழ்தல் வேண்டும். சுருள் இடத்தைக் காட்டும். வெடியோ ஆணியோ எனத் தெளிவது மனிதரின் பொறுமையாலேயாம்.