லக்னோ நகரும் காண்போர் கண்களும்

புராதன நகரங்களைக் காணச் செல்வோரிற் பெரும்பாலோர் கட்டடங்களைக் காண்கின்றனர். அவற்றைக் கட்டியெழுப்பிய மக்களைக் காண்பதில்லை. மன்னனின் பெயரையும் ஆண்டையும் கேட்டதும் வரலாறு முடிந்துவிட்டதென எண்ணி அப்பாற் செல்கின்றோம். இவ்வழக்கம் எத்துணை உண்மைகளை மறைத்துவிடுகின்றது என்பதற்கு, வட இந்தியாவிற் கோமதி நதிக்கரையில் அமைந்த லக்னோ நகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அவத் நாட்டு நவாப் ஆசபுத்தௌலா 1775 இல் தலைநகரைப் பைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றினான். நகருக்கு வருவோர் முதலிற் காண விரும்புவது அவன் கட்டுவித்த பெரிய இமாம்பாறாவையே. கர்பலாத் தியாகிகளை முஹர்ரம் மாதத்தில் நினைவுகூர்வதற்கென எழுந்த அக்கட்டடத்தின் நடுக்கூடம் ஏறக்குறைய 50 மீற்றர் நீளமும் 15 மீற்றர் உயரமும் உடையது. இடையிலே தூணில்லை, உத்தரமில்லை. செங்கல்லும் சுண்ணச்சாந்துமே அவ்வளைகூரையைத் தாங்குகின்றன. கூரைக்கு மேலுள்ள ஒடுங்கிய நடைவழிகளில் வழிதடுமாறி வெளியேறுவது பயணிகளுக்குப் பெருவிளையாட்டு.

ஆனால் 1784 இல் இவ்வேலை தொடங்கியபோது நாடு பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்தது. பசித்தோருக்கு வேலை கொடுக்கும் பொருட்டே இது தொடங்கப்பட்டதென்பர். பகலில் ஏழைகள் கட்டியதை, வறுமையுற்றும் கூலிவேலைக்கு நாணிய மேட்டுக்குடியினர் இரவில் முகம் தெரியாவண்ணம் வந்து இடித்துக் கூலிபெற்றனர் என்றொரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது பிறந்த சமுதாயத்தின் இயல்பை நன்கு காட்டுகின்றது. பசி எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. பசியை மறைக்கும் இருள் மட்டும் மேலோருக்கே வழங்கப்பட்டது.

நவாபின் கொடைத்திறத்தை இன்றும் அந்நகரத்தார் போற்றுவர். அக்கொடை பொய்யன்று. எனினும், அதற்குரிய பொருள் உழவனின் வரியிலிருந்தே வந்தது. அதே வரியின் பெரும்பங்கு படைச்செலவு என்ற பெயரிற் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. விளைந்த காலத்திற் பறிகொடுத்த தானியம், மழை பொய்த்த காலத்திற் கூலியாகத் திரும்பிவந்தபோது, அதனைத் தருமமென்று வாழ்த்தும் நிலையில் உழவன் இருந்தான்.

கம்பனியின் பசியோ அடங்கவில்லை. 1801 இல் அவத்தின் ஏறத்தாழப் பாதி நிலத்தை அது பெற்றுக்கொண்டது. 1856 இல் நாடு முழுவதையும் விழுங்கியது. மறு ஆண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கம்பனிப் பிரதிநிதி வாழ்ந்த றெசிடென்சி மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. குண்டு துளைத்த அதன் சுவர்களை இன்றும் காணலாம். ஆயினும், நெடுங்காலம் அச்சுவர்களுக்கு உள்ளே தவித்தோரின் கதை மட்டுமே பேசப்பட்டது. அங்கே ஏற்றப்பட்ட பிரித்தானியக் கொடி மாலையிலும் இறக்கப்படாது 1947 வரை பறந்தது. வெளியே நின்று போரிட்டோர் யாவர்? அவத் கிராமங்களின் உழவர் குடும்பங்களிலிருந்து படைக்குச் சென்ற சிப்பாய்கள் அவர்களுட் பலர். பேகம் ஹஸ்ரத் மஹால் அவர்களுக்குத் தலைமை தாங்கினாள். விக்டோரியாவின் பெயர் தாங்கிய பூங்கா 1962 இலேயே அவள் பெயரைப் பெற்றது.

1857 நவம்பர் 16 ஆம் நாள் சிக்கந்தர் பாக்கில் ஏறத்தாழ 2,000 கிளர்ச்சியாளர் கொல்லப்பட்டனர். மரத்தின் மேலிருந்து சுட்டுப் பின் சுடப்பட்டு வீழ்ந்த பெண்ணொருத்தியைப் பிரித்தானியப் படைவீரன் ஒருவனின் நினைவுநூல் குறிப்பிடுகின்றது. அவள் பெயரைக் குறிப்பிடவில்லை. பாசி என்னும் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஊதா தேவியே அவள் என மக்களின் வழிவழி நினைவு கூறுகின்றது. எழுத்திலே இடம்பெறாத பெயரை மக்கள் காத்தனர். இன்று அவளுக்கு அங்கே சிலை நிற்கின்றது. வென்ற ஆட்சியாளரோ நெருங்கிய குடியிருப்புகளை இடித்து, படை விரைந்து செல்லத்தக்க அகன்ற வீதிகளை அமைத்தனர். நகரின் அமைப்பே அச்சத்தின் ஆவணமாயிற்று.

அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு 1936 ஏப்ரலில் இதே நகரிற் கூடிற்று. தலைமை வகித்த பிரேம்சந்த், அழகினை அளக்கும் கோலையே இலக்கியகாரர் மாற்றவேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்தினார். அக்கருத்து இலக்கியத்துக்கு மட்டுமன்றி, நகர்காண் பயணத்துக்கும் பொருந்தும். சௌக் கடைவீதியிற் சிக்கன்காரிப் பூவேலைத் துணியை விலைபேசும் பயணி, வீட்டுக்குள்ளிருந்து துண்டுக் கணக்கிற் சொற்பக் கூலிக்கு அதனைத் தைக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்பதுண்டா?

மாணவரை வரலாற்றிடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் கவனிக்கவேண்டியது இதுவே. கலையின் வனப்பை மறுக்கவேண்டியதில்லை; உத்தரமற்ற அக்கூரை வியத்தற்குரியதே. ஆனால் அவ்வியப்பு நவாபோடு நின்றுவிடலாகாது. பட்டினியோடு அக்கல்லை அடுக்கிய கைகளையும் சென்றடைதல் வேண்டும். அவ்வாறு காணக் கற்ற மாணவன், தன் காலத்துக் கட்டடங்களையும் அதே கண்கொண்டு நோக்குவான்.